சொல்லுதலே முதல் மருந்து

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

நம் கல்லூரி மாணவர்கள் எழுதும் விடுப்பு விண்ணப்பங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, உறவினர் திருமணம், பாட்டியின் மறைவு ஆகியவையே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களாகும். 'மனச்சோர்வு காரணமாக எனக்கு மூன்று நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதிய விண்ணப்பம் ஒன்றேனும் துறைத்தலைவரின் மேசைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. நம்மிடையே மனச்சோர்வு இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. அதனைச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லை என்பதே பொருத்தமாகும்.

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் ஏப்ரல் 7-ஆம் நாளை உலக சுகாதார நாளாகக் கொண்டாடுகிறது. 2017-ஆம் ஆண்டு அந்நாளுக்கு அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த பொருள் மனச்சோர்வு. அதற்கு அது வைத்த முழக்கம் 'பேசுவோம்' என்பதாகும். ஒரு நோயைப் பற்றிய முழக்கத்தில் மருந்தையோ மருத்துவரையோ முன்வைக்காமல் பேச்சை முன்வைத்தது ஏன்? பேசினாலன்றி மருந்தும் மருத்துவரும் இந்நோயை நெருங்கவே முடியாது என்பதால்தான். மனச்சோர்வு உற்றவர் அதனைப் பிறரிடம் சொல்லுதல் ஏன் அரிதாகிறது, யாரிடம் எவ்வாறு சொல்லுதல் தகும், கேட்பவர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனச்சோர்வு என்பது யாது?

துன்பம் வேறு, மனச்சோர்வு வேறு. தேர்வில் தோற்றவன் வருந்துகிறான். உற்றாரை இழந்தவள் அழுகிறாள். இவை இயற்கை. நாட்கள் செல்லச் செல்ல இவை மெல்லத் தணியும். இடையிடையே ஒரு நல்ல செய்தியோ நண்பர்களின் வேடிக்கைப் பேச்சோ நம்மைச் சிரிக்கவும் வைக்கும். மனச்சோர்வு என்னும் நோயில் இந்த ஏற்ற இறக்கம் குன்றிப்போகிறது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி நேரமும், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் மனம் தாழ்ந்து கிடப்பதையோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் அற்றுப்போவதையோ இதன் தலைமைக் குறியாக மருத்துவர்கள் கொள்வர். அதனுடன் உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், பசியும் எடையும் மாறுதல், சோர்வு, கவனம் நிலைகொள்ளாமை, உடலும் பேச்சும் மந்தமாதல் அல்லது அமைதியின்றித் தவித்தல், தன்னைத் தகுதியற்றவராக எண்ணுதல், சாவைப் பற்றிய எண்ணம் மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவற்றுள் பல சேர்ந்து நின்றால் அது நோய் எனப்படும்.

இந்நோய் அரிதானதன்று. இந்தியாவில் 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று கண்டது. 60 பேர் அமரும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தால், அக்கணக்கின்படி அவர்களுள் மூவருக்கு வாழ்வில் என்றேனும் இது வரக்கூடும். அதே ஆய்வு மற்றொன்றையும் கூறியது. மனச்சோர்வு உற்றவருள் நூற்றுக்கு 85 பேர் அளவினர் எவ்வகை மருத்துவமும் பெறவில்லை. மருத்துவமனை தொலைவில் இருப்பது, பணமின்மை ஆகியவையும் இதற்குக் காரணங்களே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் தடை வாய் திறவாமையாகும்.

ஏன் சொல்வதில்லை?

முதற்காரணம் இழிவு பற்றிய அச்சம். சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளருக்கென ஓர் இல்லம் தோன்றிவிட்டது. அதுவே பிற்காலத்தில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்றோருக்கு நலம் தந்த அவ்விடத்தின் பெயரை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? 'கீழ்ப்பாக்கத்துல சேர்க்க வேண்டிய கேஸ்' என்று ஒருவரைக் கேலி செய்யப் பயன்படுத்துகிறோம். திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் இதனைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த ஒருவர், தம் மனம் நோயுறும்போது அந்தச் சிரிப்பொலியைத்தான் முதலில் நினைப்பார். பெண்ணாயின் 'வரன் அமையாது' என்ற அச்சமும், ஆணாயின் 'ஆம்பளை அழலாமா?' என்ற ஏச்சும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது, பெயர் தெரியாமை. நம் ஊர்ப்புறங்களில் 'மனச்சோர்வு' என்ற சொல் வழங்குவதில்லை. 'நெஞ்சு பாரமா இருக்கு', 'மண்டை கனக்குது', 'உடம்பு முடியல', 'எதுலயும் மனசு ஒட்டல' என்பனவே மக்களின் சொற்கள். உடலை முன்னிறுத்தி வரும் இச்சொற்களைக் கேட்கும் வீட்டார் கஷாயம் கொடுப்பர். மருந்துக்கடைக்காரர் சத்து மாத்திரை கொடுப்பார். நோய் வேறிடத்தில் இருக்கும்.

மூன்றாவது, 'எனக்கென்ன குறை?' என்னும் எண்ணம். உண்ண உணவும் படிக்கக் கல்லூரியும் இருக்க, வருந்துவதற்குத் தமக்கு உரிமையில்லை என்று நோயுற்றவரே கருதுகிறார். துன்பத்திற்குக் காரணம் காட்ட முடியாதபோது அதனைச் சொல்வதும் பொய் சொல்வது போலத் தோன்றுகிறது.

நான்காவது காரணம் நோயின் உள்ளேயே இருக்கிறது. காய்ச்சல் வந்தவனிடம் காய்ச்சல் 'மருத்துவரிடம் போகாதே' என்று சொல்வதில்லை. மனச்சோர்வோ அவ்வாறு சொல்கிறது. 'நீ பிறருக்குச் சுமை. உன்னைக் கேட்க யாருக்கு நேரம்? சொன்னாலும் என்ன மாறிவிடும்?' என்று அது ஓயாமல் ஓதுகிறது. அது நோயின் குரல் என்று அறியாதவர் அதனைத் தம் அறிவின் குரல் என்றே நம்பிவிடுகிறார்.

அகப்பாடல் காட்டும் நெறி

சொல்லாத துயரம் என்னாகும் என்பதைத் தமிழ்ச் சான்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். காதல் நோயும் மனச்சோர்வும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றென்று கூறுதல் இங்கு நோக்கமுமன்று. ஆனால் உள்ளத்துள் மறைத்த ஒன்று எவ்வழியாக வெளிவர வேண்டும் என்பதற்கு அகத்திணையில் ஒரு தெளிவான நெறி உண்டு. அதுவே அறத்தொடு நிற்றல்.

தலைவி தன் களவொழுக்கத்தை மறைக்கிறாள். மேனி பசக்கிறது, தோள் மெலிகிறது, உணவு செல்லவில்லை. தாய் கலங்குகிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். 'இது முருகனால் வந்தது' என்ற விடை வருகிறது. வேலன் அழைக்கப்படுகிறான், களம் இழைத்து, மறி அறுத்து வெறியாட்டு நிகழ்கிறது. தாயின் அன்பில் குறையில்லை. செலவிலும் முயற்சியிலும் குறையில்லை. ஆனால் நோய் இன்னதென அறியாமல் செய்யும் மருத்துவம் எவ்வளவு பெரிதாயினும் பயன் தராது. அறியாமைக்குக் காரணம் தாயின் மடமையன்று, மகளின் மௌனம்.

இந்நிலையில்தான் தோழி வாய் திறக்கிறாள். தலைவி தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். இதுவே முறை. தொல்காப்பியம் அறத்தொடு நிற்றலுக்கு ஏழு வகைகள் கூறி, உள்ளதை உள்ளவாறே சொல்லுதலை அவற்றுள் இறுதியாக வைக்கிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்தவை. மலர்களின் பட்டியலுக்காக நாம் போற்றும் அப்பாட்டு, ஒருத்தியின் துயரத்தை மற்றொருத்தி அஞ்சியும் துணிந்தும் எடுத்துச் சொல்வது என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

இந்நெறியிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மறைத்த துயரம் தவறாக விளக்கப்படும். இரண்டு, அதனை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஒருவரிடம் சொன்னால் போதும். மூன்று, அடுத்த படிக்கு அதனைக் கொண்டுசெல்லும் பொறுப்பைக் கேட்டவரும் பகிர்ந்துகொள்ளலாம். துயருற்றவரே எல்லாப் படிகளையும் தனியாக ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயரிட்டமை எண்ணத்தக்கது. சொல்லுதலை முன்னோர் நாணமின்மையாகக் கருதவில்லை, அறமாகக் கருதினர்.

வரலாறு தரும் சான்றுகள்

1972-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் துணைத் தலைவர் வேட்பாளராகத் தாமஸ் ஈகிள்டன் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 1960-களில் மனச்சோர்வுக்காக மும்முறை மருத்துவமனையில் இருந்தவர். மின்னதிர்வு மருத்துவமும் பெற்றவர். வேட்பாளராக அழைக்கப்பட்டபோது இதனை அவர் சொல்லவில்லை. செய்தியாளர்கள் துருவத் தொடங்கிய பின்னரே சொல்ல நேர்ந்தது. பதினெட்டே நாட்களில் அவர் விலக வேண்டியதாயிற்று. ஆயினும் அவருடைய மாநிலத்து மக்கள் 1974-லும் 1980-லும் அவரையே மீண்டும் மேலவைக்கு அனுப்பினர் என்பது நோக்கத்தக்கது.

26 ஆண்டுகளுக்குப் பின் நார்வே நாட்டில் வேறொன்று நிகழ்ந்தது. 1998 ஆகஸ்டு இறுதியில் அந்நாட்டுப் பிரதமர் ஷெல் மாக்னே பொன்டெவிக் விடுப்பில் சென்றார். காரணமாகக் 'காய்ச்சல்' என்றோ 'ஓய்வு' என்றோ கூறியிருக்கலாம். அவர் அலுவலகமோ, பணிச்சுமையால் நேர்ந்த மனச்சோர்வு என்றே நாட்டிற்கு அறிவித்தது. மூன்று வாரங்களுக்கு மேல் அவர் ஓய்விலும் மருத்துவத்திலும் இருந்து, பின்னர்ப் பணிக்குத் திரும்பினார். ஆட்சி கவிழவில்லை. 2000-இல் வேறு காரணத்தால் பதவி விலகிய அவர், 2001-இல் மீண்டும் பிரதமராகி 2005 வரை ஆண்டார்.

நம் நாட்டில் நடிகை தீபிகா படுகோன் 2015-இல் தம் மனச்சோர்வை வெளிப்படையாகக் கூறினார். வெற்றியின் உச்சியில் இருந்தபோதே, 2014-இல் அது தமக்கு வந்ததாக அவர் சொன்னார். தம்மைக் காண வந்த பெற்றோர் ஊர் திரும்பும் வேளையில் அவர் உடைந்து அழ, அவ்வழுகை வழக்கமானதன்று என்று தாய் உணர்ந்து, மருத்துவ உதவி பெற வழிசெய்தார். 'எனக்கென்ன குறை?' என்ற வினாவிற்கு இந்நிகழ்ச்சி விடையாகும். குறை இருந்தால்தான் வரும் என்ற விதி இந்நோய்க்கு இல்லை.

இவர்கள் புகழும் பொருளும் உடையவர்கள். சொல்லிவிட்டும் நிமிர்ந்து நிற்க அவர்களால் முடியும். நமக்கு அது இயலுமா என்று வினவலாம். நல்ல வினா. எனவேதான் யாரிடம் எவ்வளவு சொல்வது என்ற ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

யாரிடம்? எவ்வளவு?

அமெரிக்க உளவியல் அறிஞர் பாட்ரிக் கோரிகன் இதனை ஐந்து நிலைகளாகப் பகுப்பர். பிறரோடு பழகுவதையே தவிர்த்தல், பழகினும் மறைத்தல், தேர்ந்த சிலரிடம் மட்டும் சொல்லுதல், மறைக்க முயலாமல் இருத்தல், பலரறிய எடுத்துரைத்தல் என்பன அவை. எல்லாரும் ஐந்தாம் நிலையை அடைய வேண்டும் என்று அவர் கூறவில்லை. நன்மை தீமைகளை எடைபோட்டு, தமக்கேற்ற நிலையை அவரவரே தேர வேண்டும் என்பதே அவர் கருத்து. அறத்தொடு நிற்றலின் தொடக்கப் படி இவற்றுள் மூன்றாம் நிலையோடு ஒத்துச் செல்வது காண்க.

வள்ளுவர் 'நட்பு' என்ற 79-ஆம் அதிகாரத்தை அடுத்து 'நட்பாராய்தல்' என்ற அதிகாரத்தை வைத்தார். துயரம் சொல்லத் தக்கவரை ஆராய மூன்று வினாக்கள் உதவும். அவர் பிறருடைய மறைபொருளை நம்மிடம் சொல்லிச் சிரித்தவரா? ஆயின் நம்முடையதும் அவ்வாறே பரவும். நாம் பேசுகையில் இடைமறியாமல் கேட்கும் பொறுமை அவருக்கு உண்டா? தேவைப்பட்டால் நம்முடன் ஒரு மருத்துவமனை வரை வருவாரா? மூன்றிற்கும் விடை பொருந்தினால் அவர் அறைத்தோழராயினும், அக்காளாயினும், ஆசிரியராயினும் தக்கவரே.

எப்படித் தொடங்குவது? நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. எத்தனை நாட்களாக, என்னென்ன மாறியிருக்கிறது, என்ன உதவி வேண்டும் என்னும் மூன்றையும் சொன்னால் போதும். 'மூணு வாரமா தூக்கம் இல்ல. எதுவும் பிடிக்கல. டாக்டர்கிட்டப் போகணும், கூட வர்றியா?' என்பது முழுமையான செய்தி. நேரில் சொல்ல நாவெழாதவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

கேட்பவர் கடமை

சொல்பவரைப் பற்றியே பேசிவிட்டுக் கேட்பவரை விட்டுவிடுதல் பெருங்குறையாகும். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரே நகரின் உம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களைப் பயிற்றுவித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மரப்பெஞ்சில் அமர்ந்து, வருவோரின் துயரத்தைக் கேட்பதும், அவர்களுடைய சிக்கலை அவர்களே படிப்படியாகத் தீர்க்க உதவுவதும் அப்பாட்டிமார்களின் பணி. அம்மக்களின் ஷோனா மொழியில் இந்நோய்க்குக் 'குஃபுங்கிசிசா' என்று பெயர்; அளவின்றி எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். பாட்டிமார்களும் அச்சொல்லையே பயன்படுத்தினர். அவர்கள் செய்யும் பணியின் முதற்படிக்கு இட்ட பெயர் 'மனத்தைத் திறத்தல்' என்று பொருள்படும். 'மனம் திறந்து பேசு' என்று நாமும் சொல்கிறோம் அன்றோ?

2016-இல் வெளியான ஆய்வொன்று இதன் பயனைக் காட்டியது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வுக் குறிகள் எஞ்சியிருந்தன. பெஞ்சில் அமர்ந்து பேசியவருள் அவை நூற்றுக்கு 14 பேரிடமே எஞ்சின. பயிற்சி பெற்ற, பொறுமையுள்ள எளிய மனிதர் கேட்பதற்கும் இத்துணை ஆற்றல் உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

நாம் பயிற்சி பெற்றவர் அல்லர். எனினும் சிலவற்றைச் செய்யலாம், சிலவற்றைத் தவிர்க்கலாம். 'இதெல்லாம் ஒரு விஷயமா?', 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?', 'மனசைத் தைரியமா வச்சுக்க', 'கோயிலுக்குப் போ, சரியாயிடும்' என்னும் நான்கும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவையே. ஆயினும் அவை பேச்சை முடித்துவிடுகின்றன. 'எத்தனை நாளா இப்படி?', 'சாப்பிடுறியா, தூங்குறியா?', 'நான் என்ன செய்யணும்?' என்பவை பேச்சை வளர்க்கின்றன.

சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாமா என்று பலர் அஞ்சுகின்றனர். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது என்பதே மருத்துவர் கருத்து. கேட்பது உற்றவருக்குப் பெரும்பாலும் ஆறுதலாகவே அமையும். 'ஆம்' என்று விடை வந்தால் அவரைத் தனியே விடலாகாது; 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் கேட்டிருப்பினும், விடுதிக் காப்பாளரையோ ஆசிரியரையோ மருத்துவரையோ அன்றே அணுகுதல் வேண்டும். உயிர் காப்பது வாக்குக் காப்பதினும் பெரிது.

மருத்துவமும் சட்டமும்

சொல்லுதல் முதல் மருந்தே அன்றி முழு மருந்தன்று. மனச்சோர்வுக்கு உளவியல் முறைப் பேச்சு மருத்துவமும், மாத்திரைகளும் உண்டு. மாத்திரை உண்ட மறுநாளே மாற்றம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். தேறிய பின்னும் மருத்துவர் சொல்லும் வரை சில மாதங்கள் தொடர வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இந்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளரின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக, மருத்துவர் அவற்றை வெளியிடலாகாது. எனவே யாரிடமும் சொல்ல அஞ்சுவோர் மருத்துவரிடமே முதலில் சொல்லலாம்.

என் பட்டறிவு

இதுவரை கூறியவற்றை நூல்களில் மட்டும் படித்து நான் எழுதவில்லை. சென்ற ஆண்டு நான்காம் பருவத்தில் நான் பதினொரு விடுப்பு விண்ணப்பங்கள் கொடுத்தேன். எல்லாவற்றிலும் 'காய்ச்சல்' என்று எழுதினேன். ஒருநாளும் எனக்குக் காய்ச்சல் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். அதன்பின் உறக்கம் வராது. குளிப்பதற்கு வாளியில் நீர் பிடித்துத் தூக்குவதே பெரும் வேலையாகத் தோன்றும். விடுதி உணவு மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. குறிஞ்சிப்பாட்டு நடத்திய வகுப்பில் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி ஒரே அடியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, காதலும் இல்லை. காரணம் சொல்ல ஏதுமில்லாததே என் வாயை அடைத்தது.

முதலில் நான் சொன்னது தவறான ஆளிடம். உடன் பயிலும் ஒருத்தியிடம் 'மனசே சரியில்லை' என்றேன். 'என்னடி, லவ் பெயிலியரா?' என்று அவள் சிரித்தாள். மறுநாள் அக்கேள்வி வகுப்பு முழுவதும் உலவியது. பிறகு ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது அம்மா என் மெலிவைக் கண்டு பதறினாள். கோடாங்கியிடம் அழைத்துச் சென்றாள். வேப்பிலை அடித்து, கையில் கயிறு கட்டினார்கள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எதுவும் சொல்லாதபோது அவள் வேறென்ன செய்வாள்?

விடுதிக்குத் திரும்பிய இரவு, அறைத்தோழி என் கைக்கயிற்றைப் பார்த்தாள். 'இது எதுக்குடி?' என்று கேட்டாள். 'எனக்கு எதுவுமே பிடிக்கலைடி. இருக்கவே பிடிக்கல' என்றேன். அவள் அறிவுரை ஏதும் கூறவில்லை. 'எத்தனை நாளா?' என்று கேட்டாள். 'பொங்கல்ல இருந்து' என்றேன். 'செத்துப் போகலாம்னு தோணுதா?' என்று கேட்டாள். 'சில நேரம்' என்றேன். அன்றிரவு என் பாயை ஒட்டித் தன் பாயைப் போட்டுப் படுத்தாள். மறுநாள் காலை என்னைத் துறைப் பேராசிரியை ஒருவரிடம் அழைத்துச் சென்று, நான் பேச முடியாமல் நிற்க, அவளே சொன்னாள். அம்மையார் அன்றே எங்களுடன் அரசு மருத்துவமனைக்கு வந்தார். என் அம்மாவிடம் தொலைபேசியில் பேசியதும் அவரே. ஆறாவது வாரத்தில் ஒருநாள் விடுதிச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதை நான் உணர்ந்தேன். அத்தனை மாதங்களுக்குப் பின் நாவில் ஒரு சுவை தெரிந்தது. அதனைச் சொன்னபோது தோழி அழுதாள்.

நலமடைந்தபின் அறத்தொடு நிற்றல் பற்றி மீண்டும் படித்தேன். தோழி, செவிலி, நற்றாய் என்ற வரிசையைக் கண்டபோது என் கதையையே யாரோ முன்கூட்டி எழுதி வைத்ததுபோல் இருந்தது. ஒரு படி மட்டும் எஞ்சியிருந்தது. அப்பாவிடம் 'உடம்பு வீக்னஸ்' என்றே நானும் அம்மாவும் சொல்லி வைத்திருந்தோம். அவர் அரிசி ஆலையில் வேலை செய்பவர். ஆண்டுமலரை முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை படிப்பவர். அச்சில் படித்து அறிவதினும் என் வாயால் கேட்டு அறிவதே முறை என்று எண்ணி, இதனை ஆசிரியர் குழுவிடம் கொடுக்கும் முன் ஊருக்குச் சென்று அவரிடம் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், 'உங்க பெரிய அத்தையும் கல்யாணத்துக்கு முந்தி ஒரு வருசம் இப்படித்தான் மூலையிலயே உக்காந்திருந்தா. காத்து கருப்புன்னு சொன்னாங்க. என்ன ஏதுன்னு அவளக் கேக்க எங்களுக்குத் தெரியலம்மா' என்றார். அத்தையைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. இப்பொழுது வாரந்தோறும் தொலைபேசியில், 'சாப்பிட்டியா?' என்பதோடு 'நல்லாத் தூங்குறியாம்மா?' என்றும் கேட்கிறார்.

முடிவுரை

மனச்சோர்வு நாணத்தக்க குற்றமன்று. மருத்துவத்திற்கு உரிய நோய். மறைத்தால் அது தவறாக விளக்கப்படும். தவறான மருந்து தரப்படும். அதனை ஊரறிய உரைக்க வேண்டும் என்பதில்லை. ஆராய்ந்து தேர்ந்த ஒருவரிடம் உரைத்தால் போதும். முதலில் சொன்னவர் சிரித்துவிட்டால், உலகமே சிரித்துவிட்டதாக எண்ணி நின்றுவிடாமல் இன்னொருவரை நாட வேண்டும். கேட்பவர் அறிவுரையைக் குறைத்துச் செவியைக் கொடுத்து, அடுத்த படிக்கு உடன் நடக்க வேண்டும். இவையே இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள்.

தோழர்களே! உங்கள் அறையில் ஒருவர் சில வாரங்களாகத் தட்டை எடுத்துக்கொண்டு உணவுக்கூடத்திற்கு வராமல் இருக்கலாம். அடிக்கடி 'காய்ச்சல்' என்று விடுப்பு எழுதலாம். அவரிடம் ஒருமுறை 'எத்தனை நாளா?' என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! மாணவர் தரும் விண்ணப்பத்தில் ஒரே காரணம் பலமுறை வந்தால், கையெழுத்திடும் முன் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பாருங்கள். இதனைப் படிக்கும் ஒருவர் அந்நிலையிலேயே இருப்பாராயின், அவருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் துயரத்திற்குக் காரணம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை நாளாக என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவற்றை உடனிருப்போர் பார்த்துக்கொள்ளலாம்.